கொழும்பிலிருந்து உகண்டாவுக்குக் கிணற்றுத் தொண்டுக்குப் போகிறவர்களுக்கு

உகண்டாக் கிராமங்களில் மண் வெட்டுவதற்கு ஆள் பஞ்சமில்லை. கொழும்பில் அலுவலகக் கதிரையில் இருந்து பழகிய உடம்பு ஒரு நாளில் வெட்டுவதை அங்குள்ள ஒரு பெடியன் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே வெட்டிவிடுவான். பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் போட்ட கைப்பம்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று எந்த நேரத்திலும் வேலை செய்யாமல் நிற்கிறது. தண்ணீர் வற்றியதால் நிற்பவை சில. ஒரு வாஷர் தேய்ந்ததால், துருப்பிடித்த பைப் ஒன்று ஓட்டையானதால், காசு சேர்க்க ஆளில்லாததால் நிற்பவையே பல. எனவே பழுது பார்க்க, அளக்க, கணக்கு எழுத, ஊர்க்குழுவுக்குத் துணை நிற்கத் தெரிந்தவருக்கே அங்கே வேலை உண்டு. கீழே உள்ளவை அந்த நோக்கில் எழுதப்பட்டவை.

நிறுவனத்தைப் பிடிக்கும்போது

விளம்பரப் படத்தைப் பார்க்க வேண்டாம், நாலு கேள்வி கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் போட்ட பம்புகளில் இன்று எத்தனை ஓடுகின்றன? உதிரிப்பாகத்தை ஊர்க்காரர் எங்கே வாங்குகிறார்கள்? மாவட்ட நீர் அதிகாரிக்குத் தெரியுமா? நாங்கள் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்? கடைசிக் கேள்விக்கு "உள்ளூர் மேசன் செய்வார்" என்று பதில் வந்தால், உங்கள் விமான ரிக்கெற் காசை அந்த மேசனுக்கு அனுப்புவது மேல். முதல் கேள்விக்குப் பதிலே வராவிட்டால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்குக் குறைந்த பயணங்களில் பெரும்பாலும் வரவேற்புக் கூட்டமும் வழியனுப்புக் கூட்டமும்தான் மிஞ்சும். ஆறு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

போகும் மாதமும் முக்கியம். நாட்டின் தென்பாதியில் மார்ச் முதல் மே வரையும், செப்ரெம்பர் முதல் நவம்பர் வரையும் மழை. கிணறு தோண்ட வேண்டிய காலம் வறட்சியின் கடைசி: பெப்ரவரி அல்லது ஓகஸ்ட். மழைக்காலத்தில் தோண்டினால் ஆறு மீற்றரில் தண்ணீரைக் கண்டு எல்லாரும் மகிழ்வார்கள், வறட்சியில் அதே கிணறு காய்ந்து கிடக்கும்.

கொழும்பில் முடிக்க வேண்டியவை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகண்டாவுக்குள் போக முடியாது. திரும்பி வரும்போது கட்டுநாயக்காவிலும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவக வளாகத்தில் இந்த ஊசியைப் போடலாம். ஊசி போட்டுப் 10 நாள் கழிந்த பின்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட வேண்டாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் பேச வேண்டும்.

அடுத்தது மலேரியா. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் இங்கே ஒரு தலைமுறைக்கே அந்த நோயின் பயம் விட்டுப்போய்விட்டது. உகண்டாவிலோ அது ஆண்டு முழுவதும் உண்டு. நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா ஒழிப்பு இயக்கம் வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரையை இலவசமாகத் தருகிறது. புறப்படுவதற்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு முன்பே போங்கள், ஏனென்றால் சில மாத்திரைகளைப் பயணத்துக்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்னதாகத் தொடங்க வேண்டும். வாரம் ஒன்று குடிக்கும் மெஃப்ளோகுயினும், தினமும் குடிக்கும் டொக்சிசைக்கிளினும் திரும்பி வந்த பிறகும் 4 வாரம் தொடரப்பட வேண்டியவை. வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் பிறகு ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள்.

சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு வேலை செய்யக் கூடாது, சம்பளம் இல்லாவிட்டாலும். கிழக்கு ஆபிரிக்கச் சுற்றுலா விசா உகண்டா, கென்யா, ருவாண்டா மூன்றுக்கும் செல்லும் என்றாலும் அது வேலைக்கானதல்ல. உரிய அனுமதியை அழைக்கும் நிறுவனமே எடுத்துத் தர வேண்டும். அதற்கு அவர்கள் கேட்கும் பொலிஸ் நற்சான்றிதழுக்கு இங்கே நேரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன வைப்பது என்பதைவிட என்ன வைக்கக் கூடாது என்பது பெரிது. இராணுவப் புள்ளி போட்ட காற்சட்டை, தொப்பி, பை எதுவும் வேண்டாம், உகண்டாவில் பொதுமக்கள் அதை அணிவது குற்றம். கென்யா அல்லது தன்சானியா வழியாகப் போகிறவர்கள் பிளாஸ்ரிக் சொப்பிங் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், இரண்டு நாடும் அவற்றைத் தடை செய்திருக்கின்றன. சதுரமான மூன்று முள் பிளக் அங்கேயும் அதேதான். கருவிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் பைப் ரென்ச், பைப் பிடிகருவி, மரை வெட்டும் டை எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்துப் பழகுங்கள், ஆனால் வாங்கிக் கொண்டுபோக வேண்டாம். ஊரில் கிடைக்காத கருவியால் பழுது பார்த்தால், நீங்கள் போன பிறகு அந்தப் பழுதை யாரும் பார்க்க முடியாது.

போவதற்கு முன் ஒரு வார இறுதியை வவுனியா, அநுராதபுரம் பக்கம் செலவிடுங்கள். அங்கே கைப்பம்பு போட்ட குழாய்க்கிணறுகள் இன்னும் இருக்கின்றன. உகண்டாவில் நீங்கள் அதிகம் காணப்போவதும் இந்தியா மார்க் 2 வகைப் பம்புதான். அங்கே அதை யு2 என்பார்கள். 1970களில் இந்தியாவில், சென்னைப் பட்டறையின் பங்கோடு உருவான பம்பு அது. பழுது பார்ப்பவர் ஒருவரோடு நின்று ஒரு தடவை கழற்றிப் பூட்டிப் பார்த்தவருக்கு அங்கே பாதிப் பயம் போய்விடும்.

ஊருக்குள் கால் வைக்கும்போது

முதல் நாள் வேலை நாள் அல்ல. கிராமத்தில் எல்சி1 எனப்படும் ஊர்ச்சபைத் தலைவரின் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். அவர் காட்டும் கதிரையில் இருந்து, வருகைப் புத்தகத்தில் பெயரும் ஊரும் வந்த காரணமும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இதைத் தாண்டி நேரே கிணற்றடிக்குப் போனவர், யாருடைய ஆள் என்று தெரியாத அந்நியராகவே கடைசிவரை இருப்பார்.

நலம் விசாரிப்பதை அவசரப்படுத்தாதீர்கள். நாட்டின் நடுப்பகுதியான புகண்டாவில், லுகண்டா மொழியில், காலையில் "வசூஸே ஒட்யா", பிற்பகலில் "ஒசீபியே ஒட்யா", அதன் பின்னால் ஆணென்றால் "ஸ்ஸெபோ", பெண்ணென்றால் "ன்னியாபோ". நம் ஐயா, அம்மா போல அந்தச் சொல் இல்லாத வணக்கம் மொட்டையாக இருக்கும். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகையில் "ஜெபலே கோ" என்று சொல்லாமல் போகக் கூடாது. நன்றிக்கு "வெபலே". வடக்கே அச்சோலி, லாங்கோ மொழிகள் வேறு, அங்கே போகிறவர்கள் அவற்றில் நாலு சொல்லைப் படித்துக்கொள்ள வேண்டும். பெண்கள் முழங்காலிட்டு வணங்குவார்கள். பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது அவர்களுடைய மரியாதை. நம் பெண்கள் முழங்காலிட வேண்டியதில்லை, ஆனால் மூத்தவர் முன் சற்றுக் குனிந்தால் முகம் மலரும்.

அரைக்காற்சட்டை பள்ளிக்கூடப் பெடியன்களின் உடை. வளர்ந்த ஆண் அதைப் போட்டுக் கூட்டத்துக்கு வந்தால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவர் பேச்சையும் கேட்க மாட்டார்கள். பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழ் வரும் பாவாடை வசதி, வேலை நேரத்தில் உள்ளே நீளக்காற்சட்டை போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவதும், கொடுக்கல் வாங்கலுக்கு வலது கையும் நமக்குப் புதிதல்ல. சாப்பாட்டில் மட்டும் கவனம். மச்சம் சாப்பிடாதவர்கள் முதல் நாளே வீட்டுக்காரியிடம் சொல்லிவிட வேண்டும். விருந்தாளிக்கென்று கோழியை அடித்துச் சமைத்து வைத்த பிறகு வேண்டாம் என்பது பெரிய அவமதிப்பு. மட்டோக்கே எனும் அவித்த வாழைக்காயும் நிலக்கடலைக் குழம்பும் அவரைக்கறியும் எந்த வீட்டிலும் கிடைக்கும், சைவக்காரர் பட்டினி கிடக்க வேண்டி வராது.

உங்களை இந்தியர் என்றே எடுத்துக்கொள்வார்கள். லுகண்டாவில் "முயிண்டி" என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். 1972 ஓகஸ்டில் இடி அமீன் ஆசியர்களை 90 நாளுக்குள் வெளியேறச் சொன்ன நாடு அது. அந்த ஆசியர்களில் பலர் கடைக்காரரும் ஆலைக்காரருமாக இருந்தவர்கள். வயதானவர்கள் "நீ என்ன விற்க வந்தாய்" என்று கேட்டால் அதில் கோபப்பட ஒன்றுமில்லை. இலங்கையிலிருந்து வருகிறேன், பம்பு வேலைக்கு வந்தேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஊரில் ஒரு சாவு நடந்தால் வேலை நிற்கும். அடக்கத்துக்கு ஊரே போகும், நீங்களும் போக வேண்டும், ஒரு சிறு தொகையும் கொடுக்க வேண்டும். செத்த வீட்டுக்குப் போகாமல் கொங்கிறீட் போட்டவரை நம் ஊரில் என்ன சொல்வோமோ அதையேதான் அங்கேயும் சொல்வார்கள். ஞாயிறு தேவாலயம், வெள்ளி மதியம் பள்ளிவாசல், சில குடும்பங்களுக்குச் சனி ஓய்வு. சந்தை நாளில் கூட்டம் வைத்தால் வருவது நீங்கள் மட்டும்தான்.

இடமும் நிலமும்

கிணற்றில் யார் தண்ணீர் அள்ளலாம் என்ற வழக்குக்காக நம் வடக்கில் எத்தனை தலைமுறை சண்டை பிடித்தது என்று தெரிந்தவர்களுக்கு, கிணற்றுக்கு இடத்தைத் தெரிவுசெய்வது வெறும் தண்ணீர்க் கணக்கல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பெரியவரின் வேலிக்குள் போட்ட கிணறு அவருடைய கிணறாகிவிடும். புகண்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே மைலோ எனப்படும் வகை நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதில் குடியிருந்து பயிர் செய்கிற கிபஞ்சா உரிமையாளர் வேறொருவர். ஒருவரிடம் மட்டும் கையொப்பம் வாங்கினால் மற்றவர் பிறகு வந்து வேலி போடுவார். இருவரும் எழுதிக் கொடுத்து, எல்சி1 முத்திரை குத்திய தாள் கைக்கு வரும்வரை ஒரு மண்வெட்டிகூட நிலத்தில் படக் கூடாது.

கிணறு மலசலகூடத்திலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். மலக்குழியின் அடி நிலத்தடி நீர் மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும். கிணறு மேட்டுப் பக்கம், கழிவு பள்ளப் பக்கம். பழைய ஊற்றுகளுக்கும் மரங்களுக்கும் காவல் ஆவி உண்டு என்று மூத்தவர்கள் சொன்னால் சிரிக்காதீர்கள், அந்த இடத்தைத் தள்ளி வையுங்கள். அதே போல, உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கும் நம் வித்தையையும் அங்கே காட்ட வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுக்கு இடத்தைச் சொல்ல வேண்டியவர் மண்ணின் மின்தடையை அளந்து பார்க்கும் நீர்ப்புவியியலாளர்.

தோண்டுவதில் ஆபத்து எங்கே

கையால் தோண்டும் கிணற்றுக்கு உள்விட்டம் 1.2 மீற்றர் வசதி. 7.5 சென்ரிமீற்றர் தடிப்பும் அரை மீற்றர் உயரமும் கொண்ட ஒரு கொங்கிறீட் வளையம் ஏறக்குறைய 360 கிலோ. கையால் உருட்டி இறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், மூன்று கால் சட்டமும் கப்பியும் கட்டாயம். 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவையில் வளையம் ஒன்றுக்கு 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று ஆகும். வார்த்த வளையத்தை ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரத்துக்காவது நனைத்து வைக்க வேண்டும். வெயிலில் காயவிட்ட வளையம் இறக்கும்போது வெடிக்கும், அதுவும் கீழே ஆள் நிற்கும்போது வெடிக்கும்.

உயிரை எடுப்பது பெரும்பாலும் மண் சரிவும் வாயுவும். காலையில் இறங்குமுன் கயிற்றில் விளக்கை இறக்குங்கள். அணைந்தால் ஒருவரும் இறங்கக் கூடாது. ஆனால் விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்றும் எண்ண வேண்டாம், அது ஒட்சிசன் குறைவைக் காட்டுமே ஒழிய எஞ்சின் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டைக் காட்டாது. தண்ணீர் இறைக்கும் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விட்டு மாண்டவர்களின் செய்தி நம் பத்திரிகைகளிலும் வருவதுதான். எஞ்சின் மேலேயே நிற்கட்டும், அதுவும் காற்று புகையைக் கிணற்றுப் பக்கம் கொண்டுவராத பக்கத்தில். கீழே இருப்பவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், வாளியில் கருவி போகும்போது கீழே இருப்பவர் தலையில் பாதுகாப்புத் தொப்பி. ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதுதான் இரண்டாவது சாவு.

வறட்சியின் கடைசியிலும் 2 மீற்றர் அளவு தண்ணீர் நிற்கும் ஆழம்வரை போக வேண்டும். மேலே பம்பைச் சுற்றிக் கொங்கிறீட் தளம், அதிலிருந்து சிந்தும் நீரை ஆறேழு மீற்றர் தள்ளிக் கொண்டுபோக வடிகால், அதன் முடிவில் உறிஞ்சு குழி அல்லது வாழைப்பாத்தி. தளத்தில் வெடிப்பு விழுந்தால் சிந்திய அழுக்கு நீர் நேரே கிணற்றுக்குள் திரும்பும். புதுக் கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று குடிக்கக் கொடுக்காதீர்கள். பரிசோதனையில் 100 மில்லிலீற்றருக்கு மலக்கிருமியான ஈ. கோலை ஒன்றும் இருக்கக் கூடாது, ஃபுளோரைட் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நைத்திரேற் 50.

பம்பைப் பார்ப்பது

இதுதான் நீங்கள் உண்மையில் பயன்படும் இடம். இரண்டு சோதனை போதும், இரண்டுக்கும் மணிக்கூடும் மஞ்சள் ஜெரிக்கானும் தவிர ஒன்றும் வேண்டாம். தண்ணீர் வரும்வரை அடித்துவிட்டு அரை மணி நேரம் பம்பைத் தொடாமல் விடுங்கள். மறுபடி அடிக்கையில் ஐந்து தடவைக்கு மேல் அடித்த பிறகுதான் தண்ணீர் வருகிறது என்றால், அடிவால்வோ பைப்போ ஒழுகுகிறது. அடுத்து ஒரு நிமிடத்தில் முழு வீச்சாக 40 தடவை அடித்து 20 லீற்றர் ஜெரிக்கானில் பிடியுங்கள். நல்ல பம்பு 15 லீற்றர் பக்கம் தரும். 10 லீற்றருக்குக் குறைந்தால் கப் வாஷர், அதாவது உள்ளே தண்ணீரைத் தூக்கும் பிஸ்டனின் கிண்ண வடிவ வாஷர், தேய்ந்திருக்கும்.

இந்தியா மார்க் 2 இல் அந்த வாஷரை மாற்ற எல்லாப் பைப்பையும் மேலே எடுத்தாக வேண்டும். 30 மீற்றர் ஆழத்துக்கு 3 மீற்றர் பைப் பத்து, உள்ளே 12 மில்லிமீற்றர் ரொட் பத்து, அதோடு தண்ணீர். எல்லாமாக 100 கிலோவைத் தாண்டும். பிடிகருவியை இறுக்காமல் ஒரு மூட்டைக் கழற்றினால் முழுத் தொகுதியும் கிணற்றுக்குள் போய்விடும், அதைத் தூண்டில் போட்டு எடுக்க நாள் கணக்காகும், சில சமயம் கிணற்றையே கைவிட நேரும். எனவே பைப்பை எடுக்கும் வேலையை ஊர்ப் பம்பு மெக்கானிக் நடத்தட்டும், நீங்கள் அவருடைய கையாள். அஃப்ரிடெவ் என்ற இன்னொரு வகைக் கைப்பம்பு இதைவிட இலகு, ரொட்டை மட்டும் இழுத்தாலே வாஷர் வந்துவிடும்.

தண்ணீர் சிவந்து, சோறு கறுத்து, துணியில் கறை பிடிக்கிறதென்றால் நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பாருங்கள். 6.5 க்குக் கீழே இருந்தால் நாகம் பூசிய இரும்புப் பைப்பை அந்த நீர் தின்கிறது. புது இரும்புப் பைப் போட்டால் அதையும் தின்னும். துருப்பிடிக்காத உருக்கு அல்லது பிவிசிதான் வழி. இதைக் கவனிக்காமல் விட்டால் சுவை பிடிக்காமல் பெண்கள் பழைய குட்டைக்கே திரும்புவார்கள், பம்பு ஓடிக்கொண்டும் யாருக்கும் உதவாது.

குளோரின் அளவு

1.2 மீற்றர் விட்டக் கிணற்றில் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீர் 1,130 லீற்றர். 3 மீற்றர் நின்றால் 3,400 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வர, 65 முதல் 70 வீத வலுவுள்ள குளோரின் தூள் 250 கிராம் போதும். 33 வீத பிளீச்சிங் பவுடர் என்றால் அரைக் கிலோ. வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி, சுவரையும் கழுவி, இரவு முழுக்க விடுங்கள். அந்த நேரம் யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது, தண்ணீர் எடுக்கவும் கூடாது. மறுநாள் மணம் குறைந்து, மீதிக் குளோரின் 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை இறையுங்கள்.  

குழுவும் காசும்

நீர்க்குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், காசாளர் பெண்ணாக இருந்தால் காசு பெரும்பாலும் மிஞ்சும். தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தான், பம்பு நின்றால் நடக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். மாதம் வீட்டுக்கு எவ்வளவு என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். கப் வாஷர், சங்கிலி, பெயரிங், ஒரு பைப் ஆகியவற்றின் கடை விலையைப் பலகையில் எழுதி வையுங்கள், மெக்கானிக்கின் கூலியையும் எழுதுங்கள், தொகையை அவர்களே பிரிப்பார்கள். சங்கிலிக்குக் கிறீஸ் போடவும் ஆணிகளை இறுக்கவும் மாதம் ஒருமுறை யார் என்று பெயர் குறித்து வைக்க வேண்டும், "குழு பார்க்கும்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு கைப்பம்புக்கு 500 பேருக்கு மேல் வேண்டாம் என்பது நிவாரண நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்பியர் தரம், அதுவே நெருக்கடி கால அளவு. வரிசையில் அரை மணிக்கு மேல் நிற்க வேண்டி வந்தால் மக்கள் வேறு தண்ணீருக்குப் போகத் தொடங்குவார்கள்.

பழுது வேலையை விடியற்காலையிலும் பின்னேரத்திலும் வைக்காதீர்கள், தண்ணீர் எடுக்கும் நேரம் அது. முதல் நாளே ஊருக்கு அறிவித்து, காலை பத்து மணிக்குத் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு இனிப்பும் காசும் பங்கிட வேண்டாம். அடுத்த கிணறு எப்போது என்று கேட்டால் "பார்ப்போம்" என்று நம் பாணியில் மழுப்பாதீர்கள், அங்கே அது வாக்குறுதியாகக் கேட்கும். தெரியாது என்றே சொல்லுங்கள்.

குளிப்பதும் திரும்பி வருவதும்

குளத்திலும் ஆற்றிலும் குளித்து வளர்ந்த நமக்கு இதுதான் கஷ்டம்: விக்ரோறியா ஏரியிலோ சதுப்புக் கரையிலோ இறங்கவே கூடாது. நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியாப் புழு நல்ல தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே போகும், இலங்கையில் இல்லாத நோய் அது. வாளித் தண்ணீரில் குளியுங்கள். தவறிப்போய் இறங்கியிருந்தால், மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உடனே செய்தால் தெரியாது.

ஊருக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தால், ஒரு வருடம் கழித்து வந்தாலும், வைத்தியரிடம் முதல் வாக்கியமே "ஆபிரிக்காவுக்குப் போய் வந்தேன், மலேரியா பாருங்கள்" என்பதாக இருக்க வேண்டும். கொழும்பில் காய்ச்சல் என்றால் எல்லாரும் டெங்குவைத்தான் தேடுவார்கள். மலேரியா ஒழிப்பு இயக்கத்தில் இரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.